ராமனுக்குத் தூக்கம் வருகிறது

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்.

காசிக்கு எதிர்க்கரை, ராம்நகர். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஐந்து சிறுவர்கள் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தில் சந்தனப் பூச்சு. அதன்மேல் ஜிகினாப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுகிறார்கள். கன்னத்தில் ஒரு கொடி படர்கிறது, நெற்றியில் திலகம் எழுகிறது, புருவத்தின் மேல் புள்ளிகள் வளைந்து போகின்றன. அவசரமில்லாமல் நடக்கிற வேலை இது. அதுவரை அசையக் கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய தவம் உண்டா!

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இதோ, கிரீடம் வருகிறது.

இந்த நொடியைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கூட்டிவந்தேன். இத்தனை நேரம் அவன் யாரோ வீட்டுப் பிள்ளை. "நேராக உட்காருடா" என்று மிரட்டலாம். கிரீடம் தலையில் இறங்கியதும் மிரட்டிய அதே பெரியவர் குனிந்து அந்தப் பையனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். 'அவன்' போய்விட்டான், 'அவர்' வந்துவிட்டார். இனி அந்தக் கால்கள் தரையில் நடந்து அழுக்காகக் கூடாது என்று தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தாத்தாக்கள், பாட்டிகள், சடாமுடி தரித்த சாதுக்கள் எல்லாரும் அந்தச் சின்னப் பாதங்களைத் தொட முண்டியடிப்பார்கள். இந்தச் சிறுவர்களை இங்கே நடிகர்கள் என்று யாரும் சொல்வதில்லை. 'ஸ்வரூபங்கள்' என்பார்கள். ராமன், சீதை, லட்சுமணன், பரதன், சத்ருக்னன் என்று ஐந்து ஸ்வரூபங்கள்.

எனக்கு இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

காசி யாத்திரை போன நம்மவர்களில் பலர் ராம்நகர்க் கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள். அனுமான் கட்டம், கேதார கட்டம் பக்கம் தங்கி, விசுவநாதரையும் அன்னபூரணியையும் சேவித்து, கங்கையில் படகேறினால் தெற்கே தள்ளி அக்கரையில் சுனார் கல்லால் கட்டிய கோட்டை ஒன்று தெரியும். 18ஆம் நூற்றாண்டில் காசி அரசர் பல்வந்த் சிங் கட்டியது. இப்போதும் காசி அரச வம்சத்தின் வீடு அதுதான். அந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர் முழுக்க ஆண்டுக்கு ஒரு மாதம் ராமாயணமாகிவிடுகிறது. அனந்த சதுர்த்தசியில் தொடங்கி ஐப்பசி நெருங்கும் பௌர்ணமியைத் தாண்டும்வரை, 31 நாட்கள் ராம்லீலை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், உதித் நாராயண் சிங் காலத்தில் இது வடிவம் பெற்றது. அவருக்குப் பின் வந்த ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அதை இன்றிருக்கும் அளவுக்கு விரித்தார். வட இந்தியாவில் ராம்லீலை நடக்காத ஊர் அபூர்வம். ராம்நகரில் நடப்பதற்கு ஈடாக ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. ராம்லீலை மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008இல் இடம்பெற்றது. ராம்நகர்க்காரர்களுக்கு அந்தப் பட்டியல் பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு ராமன் ஆண்டுதோறும் நேரில் வருகிறான்.

முதல் நாளே ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறார்கள். ராம்லீலை என்ற பெயரைக் கேட்டு ராமன் பிறப்பான் என்று போய் நின்றால், பிறப்பது ராவணன்! அவன் பிறந்து, தவம் செய்து, வரம் வாங்கி, உலகத்தை வளைத்து, தேவர்களை ஓட ஓட விரட்டி முடித்த பிறகுதான் ராம்பாகில் உள்ள குளத்தில் பாற்கடல் தெரிகிறது. பொழுது சாய்ந்த இருட்டில், நீரின் நடுவே, பாம்பணையில் திருமால். கரையில் நிற்கும் கூட்டம் கைகூப்பிக் கூவும் சத்தம் குளத்தைச் சுற்றி வருகிறது.

ராவணனை முதலில் பிறக்கவைப்பதில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. அவன் வாங்கிய வரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தேவர், கந்தர்வர், யட்சர், நாகர், அசுரர் யாராலும் சாவு வரக் கூடாது என்று கேட்டான். மனிதனை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வால்மீகியின் ராவணனுக்கு மனிதர்கள் புல்லுக்குச் சமம். துளசிதாசரின் ராவணன் மனிதனையும் குரங்கையும் தவிர வேறு எவராலும் சாகக் கூடாது என்றே கேட்கிறான். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, யார் இதில் நுழையப் போகிறார்கள் என்று ஒரே ஒரு சந்தை மட்டும் திறந்து விட்டுவைத்தான். அந்தச் சந்து வழியாக நுழைய வேண்டுமானால் கடவுளே ஆனாலும் மனித உடம்பு எடுத்தாக வேண்டும். தாய் வயிற்றில் கிடக்க வேண்டும். பசிக்க வேண்டும், அழ வேண்டும், காட்டில் கால் நோக வேண்டும், மனைவியைப் பறிகொடுத்துவிட்டு மரத்தையும் மானையும் பார்த்துப் புலம்ப வேண்டும். பாதி மனிதனாக வந்து பாதியைத் தெய்வமாக வைத்துக்கொண்டால் வரம் அவனைத் தடுத்துவிடும். வால்மீகியில் எல்லாம் முடிந்து தேவர்கள் வந்து நீ நாராயணன் என்று சொல்லும்போதுகூட ராமன், என்னைத் தசரதன் மகனான ஒரு மனிதனாகத்தான் நினைத்திருக்கிறேன் என்கிறான்.

ஜிகினா ஒட்டும்போது கொட்டாவி விடுகிறானே அந்தப் பையன், அவனைப் பார்க்கும்போது எனக்கு இது அத்தனையும் நெஞ்சில் வந்து மோதுகிறது. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்து என்று போகும். ஒரு மாதம் இப்படியே. தூக்கம் வரத்தானே செய்யும்! ராமனுக்குத் தூக்கம் வருவதை ராம்நகரில் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பாவம், குழந்தைக்குக் களைப்பு என்று கும்பிடுகிறார்கள். கோகுலாஷ்டமிக்குக் கைமுட்டியை மாவில் தோய்த்து வாசலிலிருந்து பூஜை அறைவரை சின்னச் சின்னக் காலடி வைத்து, அவற்றுக்கு விரல் பொட்டும் வைக்கிறோமே, அந்தக் காலடிக்குச் சொந்தக்காரன் நிஜமாகவே நடந்து வந்து நம் முன்னே கொட்டாவி விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

இவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? கோட்டையில், மகாராஜாவே பார்த்து, கேட்டு, முடிவு செய்கிறார். முகலட்சணம் பார்ப்பார்கள், நடத்தை பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலே குரல். ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கும் மைதானத்தில் ஒலிபெருக்கி கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கணீரென்று கடைசி வரிசைவரை போகிற பிள்ளைக் குரல் வேண்டும். குரல் உடையும் வயசு வந்துவிட்டாலோ மீசை அரும்பிவிட்டாலோ அவதாரம் அத்தோடு முடிந்தது. சீதையும் பையன்தான். கௌசல்யை, கைகேயி, மந்தரை எல்லாருமே ஆண்கள்.

ஸ்வரூபங்கள் பிராமணக் குடும்பங்களிலிருந்து மட்டுமே வருகிறார்கள். எனக்கு இது ஏற்பில்லை, சொல்லிவிடுகிறேன். வேடன் குகனைத் தன் தம்பியரோடு ஒருவனாக எண்ணியவன் ராமன். அந்த ராமனின் கிரீடம் எந்த வீட்டுப் பிள்ளையின் தலைக்கும் பொருந்தும்.

தேர்வான பிறகு வீட்டுக்குப் போக முடியாது. ஐந்து பேரும் அப்பா அம்மாவை விட்டு ஒரே தர்மசாலையில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். சொந்தப் பெயர் மறைந்துவிடுகிறது. ராம்ஜி, லக்ஷ்மண்ஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம். அதைச் சொல்லிக் கொடுப்பவருக்கு இங்கே 'வியாசர்' என்று பெயர். நம் கூத்து வாத்தியார் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். ஸ்வரூபங்களுக்கு ஒரு வியாசர், மற்ற வேஷங்களுக்கு ஒருவர். மேடையில் இவர்கள் ஒளிந்து நிற்பதில்லை. தடித்த வசனப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ராமனுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். ராமன் மறந்தால் காதில் ஓதுவார்கள். சர்வமும் அறிந்த பரம்பொருள் அடுத்த வரி தெரியாமல் திரும்பிப் பார்க்கிறது. ஒரு கிழவர் குனிந்து காதோரம் சொல்லிக் கொடுக்கிறார். விசுவாமித்திரரிடமும் வசிஷ்டரிடமும் அவன் பாடம் கேட்டது வேறு எப்படி இருந்திருக்கும்?

அந்த வசனங்கள் பிறந்த கதையிலும் ஒரு சுவாரசியம் உண்டு. ஈஸ்வரி பிரசாத் காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் சேர்ந்து எழுதினார்கள். நவீன இந்தி இலக்கியத்தின் தந்தை எனப்படும் பாரதேந்து அரிச்சந்திரருக்கு அதில் பங்கு உண்டு. ரீவா மன்னர் ரகுராஜ் சிங்குக்கும் உண்டு. எனக்குப் பிடித்தவர் காஷ்டஜிஹ்வ சுவாமி. 'மரநாக்குச் சுவாமி' என்று அர்த்தம். வாதத்தில் குருவையே அவமதித்துவிட்டோமே என்று வருந்தி, நாக்குக்கு ஒரு மரத்துண்டைப் பூட்டாகப் போட்டுக்கொண்டு பேச்சையே விட்டவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. பேசாத அவர் எழுதியதைத்தான் ராமனும் சீதையும் இன்றுவரை உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

வசனம் இருந்தாலும் லீலையின் முதுகெலும்பு பாட்டுத்தான். துளசிதாசர் 1574இல் அயோத்தியில் எழுதத் தொடங்கிய ராமசரிதமானஸை 'ராமாயணிகள்' பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, பக்வாஜும் தாளமும் ஒலிக்கப் பாடுகிறார்கள். லீலை தொடங்குவதற்குப் பத்து நாட்கள் முன்பே இவர்கள் பாலகாண்டத்தின் தொடக்கத்தைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். வேஷம் கிடையாது, யானை கிடையாது, கூட்டமும் கிடையாது. ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ராமன் வருவதற்கான பாதையை இவர்கள் பாட்டால் மெழுகிக் கோலம் போட்டு வைக்கிறார்கள். லீலை தொடங்கிய பிறகு முறை இதுதான்: ராமாயணிகள் ஒரு பகுதியைப் பாடி நிறுத்துவார்கள். வியாசர் உரத்த குரலில் கூட்டத்தை அமைதியாக, கவனமாக இருக்கச் சொல்வார். பேசிக்கொண்டிருந்த அத்தனை வாயும் மூடும். அந்த அமைதிக்குள் ஒரு பையனின் குரல், ஒவ்வொரு எழுத்தையும் நீட்டி நீட்டி, மேல் சுருதியில் எழும். கண்ணை உருட்டுவது, கையை ஆட்டுவது எதுவும் இல்லை. சினிமா பார்த்துப் பழகிய நமக்கு முதல் கால் மணி நேரம் விநோதமாக இருக்கும். பிறகு அந்தக் குரல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

விளக்குக்குப் பெட்ரோமாக்ஸும் தீவட்டியும்தான். மின்விளக்கு கிடையாது.

கூட்டத்தில் 'நேமி'கள் என்று ஒரு தனி இனம் உண்டு. நேமம், அதாவது நியமம், உள்ளவர்கள். 31 நாளும் ஒரு நாள் விடாமல் வருவது என்று விரதம் எடுத்தவர்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அத்தர் பூசி, மூங்கில் கழி ஒரு கையில், கையடக்க மானஸ் புத்தகம் இன்னொரு கையில். அவர்களில் பலர் ராமாயணிகள் பாடும்போது டார்ச் வெளிச்சத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக் கூடவே படித்துக்கொண்டு வருவார்கள். இவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், லீலை எப்படிப் பார்ப்பது என்று தானாகப் புரியும்.

இன்னொருவரும் வருகிறார். யானை மேல் வருகிறார். காசி அரசர். அவரைக் கண்டதும் கூட்டம் 'ஹர ஹர மகாதேவ்' என்று முழங்குகிறது. காசிக்கு ராஜா விசுவநாதர்; அரசர் அவருடைய பிரதிநிதி. துளசிதாசரின் கதையில் பார்வதிக்கு ராமாயணம் சொல்பவரே சிவன்தான். ஆக, கூட்டத்தின் ஒரு கோடியில் யானை மேல் சிவன், அவர் காலடியில் பாடும் ராமாயணிகள், மறு கோடியில் கிரீடம் வைத்த குழந்தை. நடுவே கடல் போல் ஜனம். சிவன் ராமனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாலையில் அவர் சந்தியாவந்தனத்துக்குக் கிளம்பினால் லீலை அப்படியே நிற்கும். போர்க்களம் ஆனாலும் நிற்கும். மக்கள் கடலை கொறிப்பார்கள், சாட் சாப்பிடுவார்கள். இடைவேளை முடிந்து யானை திரும்பியதும் ராமாயணிகள் விட்ட வரியிலிருந்து பிடிப்பார்கள். முன்பு அப்படி யானை மேல் வந்த அரசர் விபூதி நாராயண் சிங் 2000 டிசம்பரில் காலமானார். இப்போது அவர் மகன் அனந்த் நாராயண் சிங் அந்த யானை மேல் வருகிறார்.

மேடை எங்கே என்று கேட்கிறீர்களா? ஊர்தான் மேடை. அயோத்தி ஓரிடம், ஜனகபுரி ஓரிடம், சித்திரகூடம், பஞ்சவடி, ராமேசுவரம் ஒவ்வொன்றும் தனித்தனி இடம். ஊரின் கோடியில், பரந்த மைதானத்தில், இலங்கை. இந்தப் பெயர்கள் லீலை முடிந்தாலும் அழிவதில்லை. ராம்நகரில் ஒருவர் ஜனகபுரிக்குப் பக்கத்தில் வீடு என்று சொல்வார், நாம் சிலிர்த்துப்போய் நிற்போம்! ராமன் காட்டுக்குப் போனால் நாமும் பின்னாலேயே நடக்க வேண்டும். சேற்றில், இருட்டில், ஆயிரம் பேரோடு. அயோத்தி ஜனங்கள் ராமன் பின்னால் போனார்கள் என்று படித்தது ஒரு விஷயம். நம் காலே வலிக்கும்போது அது வேறு விஷயம். வில் முறியும் நாளில் பீரங்கி முழங்கும். ஜடாயு பெரிய பறவையாக வருவான். கும்பகர்ணன் மூங்கிலும் காகிதமுமாக மலை மாதிரி நிற்பான். ராவணனின் பிரம்மாண்டமான உருவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டித் தருபவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள். அவர்கள் விரல்கள் முடைந்து தராமல் ராமன் இங்கே ஜெயித்ததே இல்லை.

இப்போது விஜயதசமி. இதற்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தோம்.

காலையில் கோட்டையில் ஆயுத பூஜை. மாலையில் அரசர் யானை ஊர்வலமாக இலங்கைக்கு வருகிறார். போர்க்களத்தைக் கடக்கிறார். வந்த யானை திரும்பிப் போய்விடுகிறது! அத்தனை தூரம் வந்தவர், உச்சக் கட்டத்தில் இல்லை. ஏன் தெரியுமா? ஓர் அரசன் சாவதை இன்னோர் அரசன் நின்று பார்க்கலாகாது. ராவணன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் முடிசூடியவன். எதிரிக்கும் இந்த மரியாதையைக் கொடுக்கிற ஊரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ராவணன் வேஷம் நெடுங்காலமாக ஒரே குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. பத்துத் தலை, இருபது கை கொண்ட அந்தக் கவசத்தைச் சுமந்து நிற்பவர் வளர்ந்த, கம்பீரமான மனிதர். எதிரே வில்லேந்தி நிற்பது அவர் தோள் உயரம்கூட இல்லாத பையன். அம்பு பறக்கிறது. ராவணன் துடித்து விழுவான், ரத்தம் தெறிக்கும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அவர் மெதுவாகப் பத்துத் தலையையும் கழற்றுகிறார். இருபது கைகளையும் கழற்றுகிறார். உள்ளேயிருந்து இரண்டே கையும் ஒரே தலையுமாக ஒரு சாதாரண மனிதர் வெளியே வருகிறார். நடந்துபோய், அந்தக் குழந்தையின் காலில் தலையை வைக்கிறார். எழுந்து போய்விடுகிறார்.

அவ்வளவுதான் ராவண வதம்.

எத்தனை மேடையில், எத்தனை திரையில் ராவணன் செத்துப் பார்த்திருக்கிறோம்! இப்படி ஒரு சாவை யார் யோசித்தது? புல் என்று ஒதுக்கிய மனித உருவத்தின் காலடியில், தன் கூடுதல் தலைகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுத் தானும் வெறும் மனிதனாக வந்து விழுகிறான். இருட்டிய பிறகு மைதானத்தில் மூங்கில் ராவணன் எரிவான், வெடி வெடிக்கும், குழந்தைகள் துள்ளும். அது திருவிழா. வதம் அந்தக் காலடியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

அதன்பின் ஓர் இரவு பரத மிலாப். பதினாலு வருஷம் கழித்து அண்ணன் தம்பிகள் சந்திக்கிறார்கள். வசனம் கிடையாது என்று சொல்லும் அளவுக்குக் கொஞ்சம். நான்கு பையன்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். வீட்டை விட்டு வந்து மாதக்கணக்காக ஒரே அறையில் சாப்பிட்டுத் தூங்கிச் சண்டை போட்டு சமாதானமான பையன்கள், அது கட்டிக்கொள்ளும் விதத்திலேயே தெரியும். சுற்றிலும் வெள்ளை மத்தாப்பு வெளிச்சம். ஒரு சின்னச் செய்தி: நம் 'மத்தாப்பு' என்ற சொல்லே அங்கே சொல்கிற 'மஹ்தாப்' தான். பாரசீகத்தில் நிலா வெளிச்சம் என்று பொருள். ஒவ்வொரு நாள் இரவும் லீலை முடியும்போது ஆரத்தி நடக்கும். சிவப்பு மத்தாப்பு, பிறகு வெள்ளை மத்தாப்பு. அந்த ஒளியில் ஐவரும் சிலை போல் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். 'ஜாங்கி' என்று அதற்குப் பெயர். சில நொடி தரிசனம். பேசிய, நடந்த, கொட்டாவி விட்ட குழந்தைகள் கர்ப்பக்கிருக மூர்த்திகளாகிவிடுவார்கள். மத்தாப்பு அணையும், இருட்டு வரும், ஒரு குழந்தை இருமும்.

பட்டாபிஷேக இரவுதான் எல்லாவற்றுக்கும் மகுடம். அன்று அரசருக்கு யானை கிடையாது. கோட்டையிலிருந்து நடந்தே வருகிறார். ராமன் சிம்மாசனத்தில், காசி அரசர் தரையில். தரையில் உட்கார்ந்தபடியே அந்தச் சிறுவனுக்குத் திலகம் இடுகிறார். இரவு முழுக்க ராமன் சிம்மாசனத்தை விட்டு இறங்கக் கூடாது, ஜனங்கள் வரிசை வரிசையாகத் தரிசித்துக்கொண்டே இருப்பார்கள். நடுநிசி தாண்டும்போது கவனியுங்கள். கிரீடம் மெல்லச் சரியும். பரதன் கண் செருகும். சத்ருக்னன் எப்போதோ தூங்கிவிட்டிருப்பான். பின்னால் நிற்பவர் கிரீடத்தை விரலால் நிமிர்த்தி வைப்பார். கும்பிட்டு நிற்கும் பாட்டியின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். காசியிலிருந்து கங்கையைத் தாண்டி ஜனங்கள் இருட்டிலேயே வந்து சேர்வார்கள். கிழக்கு வெளுக்கும்போது விடியல் ஆரத்தி. இந்த ஒன்றே ஒன்றுக்காக வருகிறவர்கள் பல்லாயிரம் பேர். மத்தாப்பு வெளிச்சமும் சூரிய வெளிச்சமும் ஒன்றோடொன்று கலக்கும்போது அந்த ஐந்து சோர்ந்த முகங்களையும் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு நாள் கோட்டைக்குள் விருந்து. கோட் விதாயி என்பார்கள், கோட்டையிலிருந்து வழியனுப்புதல். அரசர் ஐந்து பிள்ளைகளையும் ஆசனத்தில் அமர்த்தி, கால் கழுவி, மாலை போட்டு, தட்டு வைத்துச் சாப்பாடு பரிமாறவைத்து, தட்சிணை கொடுக்கிறார். அவர்கள் நிதானமாகச் சாப்பிடுகிறார்கள். காசிராஜா எதிரே கீழே உட்கார்ந்து காத்திருக்கிறார்.

பிறகு கிரீடங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். 'அவர்' மறுபடி 'அவன்' ஆகிறார். முகத்தில் ஒட்டியிருந்த ஜிகினாவைக் கழுவிவிட்டு, வீட்டுக்கு, அம்மாவிடம் போகிறான். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்ப்பான்.

பஞ்சாங்கத்தை எடுத்து, ஆவணியிலோ புரட்டாசியிலோ வரும் அனந்த சதுர்த்தசி என்றைக்கு என்று பாருங்கள். காசி யாத்திரையை அதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, யார் வேண்டுமானாலும் தரையில் உட்காரலாம். கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ராம்பாகில் இருங்கள். ராவணன் பிறக்கப் போகிறான்.